மூன்று வெள்ளைக் காய்கள்

அந்த வீட்டில் யாரும் யாரையும் எதையும் நேராகக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மற்ற வீடுகளில் ஓயாமல் கேட்பார்களே, அந்தக் கேள்விகளுக்கெல்லாம் இங்கே வேலையே இல்லை. தொட்டியில் கிடக்கும் தட்டைப் பார்த்தால் சாப்பிட்டாயிற்றா என்று தெரிந்துவிடும். வாசலில் எந்தச் செருப்பைக் காணோம் என்று பார்த்தால் போன இடம் தெரிந்துவிடும். முகத்தைப் பற்றிக் கேட்பது அநாகரிகம். ஆட்டத்தில் அடுத்தவர் கையிலிருக்கும் காய்களை எட்டிப் பார்க்கிற மாதிரி. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் மாமியார். அதற்காக அவரை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். கேள்விதான் கேட்க மாட்டாரே தவிர, தீர்ப்புச் சொல்வதில் அவருக்குத் தயக்கமே கிடையாது.

அவருக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பெட்டிகள் ஊர்ந்து போகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பெட்டிக்காரர் "ஒண்ணுமில்லீங்க, எல்லாம் துணிதான்" என்பார். இவர் தலையைத் தூக்காமலே "அடியில கத்தரிக்கோல் இருக்கு, எடுத்துடுங்க" என்பார். இப்படிக் காலம் காலமாகப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் வாயைத் திறந்து சொல்கிற எதிலும் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. உள்ளே இருப்பதைத் திறக்காமல் பார்க்கத் தெரிந்தவருக்குக் கேள்வி எதற்கு என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தப் பெருமைக்கு நெய் ஊற்றியது மாஜாங். மாமனார் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஜப்பான்காரர் ஒருவரை ஒரு தடவை பத்திரமாக இறக்கிவிட்டார். அந்த மனிதர் ஊருக்குத் திரும்பும்போது நன்றியோடு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே, சோப்புக் கட்டியைச் சின்னச் சின்னதாக நறுக்கி வைத்த மாதிரி மாஜாங் காய்கள். மாமனார் வேடிக்கையாகத்தான் கற்றுக்கொண்டார். மாமியாருக்கோ பைத்தியமே பிடித்துவிட்டது. ஞாயிறு மதியம் என்றால் மாஜாங் என்றாயிற்று. நாலாவது ஆள் கிடைக்காமல் மகனோடு சேர்ந்து மூன்று பேரும் அக்கம்பக்கத்தாரைப் பிடித்து இழுத்துவந்து வதைத்த காலம் ஒன்று உண்டு. மகன் காதலித்த பெண்ணுக்குப் போனில் மாஜாங் ஆடிப் பழக்கம் என்று தெரியவந்த அன்று மாமியார் வேறு எதையுமே யோசிக்கவில்லை. மேஜைக்கு நாலாவது பக்கம் கிடைத்துவிட்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். வட்டம், மூங்கில், எழுத்து என்று மூன்று இனக் காய்கள், அவை போகக் கிழக்கு, வடக்கு போன்ற திசைக் காய்களும் ஒன்றும் வரையாத வெள்ளைக் காய்களும் உண்டு. ஆளுக்குப் பதின்மூன்று காய்கள். முறை வரும்போது ஒன்றை எடுத்து ஒன்றை எறிய வேண்டும். மும்மூன்றாகச் சேர்த்து, கூட ஒரு ஜோடியும் வைத்து, முதலில் கையை நிறைத்தவர் ஜெயித்தார். எறிந்ததைக் குவியலாகப் போட்டுக் கலந்துவிட முடியாது. அவரவர் எறிந்தது அவரவர் முன்னால், எறிந்த வரிசையிலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்க வேண்டும். ஒருவர் என்னென்ன வேண்டாம் என்கிறார் என்று பார்த்தால் எதைச் சேர்க்கிறார் என்று ஊகித்துவிடலாம். இன்னும் ஒரே ஒரு காய்தான் பாக்கி என்ற நிலைமைக்கு வந்தவர் "ரீச்சி" என்று அறிவித்து மேஜை நடுவில் ஒரு குச்சியைப் போடலாம். அதற்கப்புறம் மற்ற மூவரும் ஒவ்வொரு காயையும் யோசித்துத்தான் எறிய வேண்டும். ரீச்சி சொன்னவர் காத்திருக்கிற காயை யார் எறிந்தாலும், அவர் "ரோன்" என்று சொல்லி அதை எடுத்துக்கொள்வார். புள்ளிகள் முழுவதும் எறிந்தவர் தலையில் விடியும்.

பயந்தவர்களுக்கு ஒரே ஒரு நல்ல வழி உண்டு. தான் ஏற்கெனவே எறிந்த காயை வைத்து அடுத்தவரிடம் யாரும் ஜெயிக்க முடியாது என்பது சட்டம். ஆகவே ரீச்சி சொன்னவர் முன்னால் என்ன கிடக்கிறதோ அதையே நீங்களும் எறிந்தால் தலை தப்பும். என்ன, அதற்காகச் சேர்த்து வைத்த நல்ல கையை நீங்களே பிய்த்துப்போட வேண்டியிருக்கும்.

மருமகள் இந்தக் கலையில் கைதேர்ந்தவள். காது கேட்கிறதா என்று சோதித்துக் கருவி பொருத்துகிற நிறுவனத்தில் அவளுக்கு வேலை. சின்னச் சின்னச் சத்தங்களுக்கு நடுவே பொறுமையாக உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கம். மாமியார் ரீச்சி சொன்னதும் மகன் தலையைச் சொறிவான், மாமனார் கடவுள் விட்ட வழி என்று எதையாவது எறிவார். மருமகள் மட்டும் மாமியாரின் வரிசையை ஒரு பார்வை பார்ப்பாள், அதில் கிடக்கிற காய் ஒன்றைத் தன் கையிலிருந்து எடுத்து மெதுவாக வைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாருக்கு அவளிடமிருந்து ஒரு ரோன்கூடக் கிடைத்ததில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று மாமியார் உள்ளுக்குள் பல்லைக் கடிப்பார். ஆனாலும் வீட்டில் அவளைப் போல ஒத்துப்போகிற பெண் கிடையாது என்று விமான நிலையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"இந்தத் திரைச்சீலை கண்ணை உறுத்துது" என்பார் மாமியார்.

"ஆமாம் அத்தை, உறுத்துது" என்பாள்.

"இருந்தாலும் துணி கெட்டி."

"கெட்டித் துணி அத்தை."

தங்கமான பெண் என்று மாமியார் பூரித்துப்போவார்.

இப்படியிருக்கையில்தான் மருமகள் வீட்டில் சில காய்களை எறிய ஆரம்பித்தாள். வாராவாரம் ஆடப்போகிற பூப்பந்து மட்டையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். இறுக்கமான உடுப்புகளையெல்லாம் மூட்டை கட்டி யாருக்கோ அனுப்பினாள். உங்கள் அறைக்குப் புது அலமாரி வாங்கலாம் என்று மாமியார் தீர்ப்புச் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, "இப்ப வேண்டாமே அத்தை" என்றாள். காலையில் காபியைத் தொடுவதில்லை. போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள்.

விளையாட்டு வேண்டாம், இறுக்கமான துணி வேண்டாம், காபி வேண்டாம். மாமியார் திரையைப் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. வீட்டில் ஒரு குழந்தை வரப்போகிறது. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார். ஆனால் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இயந்திரத்தில் போகிற பெட்டிகளில் பால்புட்டி தெரிந்தாலே சிரித்துக்கொண்டார், பெட்டிக்காரர்கள் மிரண்டார்கள்.

அன்றே மாமனாரிடம், "அந்தச் சாமான் அறையைக் காலி பண்ணுங்க. மஞ்சள் பெயிண்ட் அடிங்க" என்றார். எதற்கு என்று மாமனார் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம்தான் இல்லையே. மஞ்சள் என்றதும் அவருக்கே விளங்கிவிட்டது. பழைய சாமான்களை அள்ளிப்போட்டார், பெயிண்ட் அடித்தார், விளக்கு மாற்றினார், புதிதாக இரண்டு மின் இணைப்பும் கொடுத்தார். அதோடு நிற்காமல் காதும் காதும் வைத்தாற்போல ஒரு தொட்டிலும் செய்து போர்வை போட்டு மூடி வைத்தார்.

அந்த ஞாயிறு மதியம் வழக்கம்போல நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றியது. தேநீர்க் கோப்பைகள் மேஜையில் படாமல் தரையில் இருந்தன. மகன் ஏனோ அடிக்கடி மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு கை பாதிக்கு மேல் போனபோது மாமியார் ரீச்சி சொன்னார். நிஜத்தைச் சொன்னால் அது ஒரு சோப்ளாங்கி ரீச்சி. ஜெயித்தாலும் கிடைக்கிற புள்ளியில் நாக்கு நனையாது. சும்மா மிரட்டிப் பார்ப்போமே என்று குச்சியைப் போட்டார். அவர் முன்னால் கிடந்த வரிசையில் ஒரு வெள்ளைக் காய் இருந்தது, ஒரு கிழக்குக் காயும் இருந்தது.

மருமகள் ஒரு வெள்ளையை எறிந்தாள். அடுத்த முறை இன்னொரு வெள்ளை. அதற்கடுத்து மூன்றாவது வெள்ளை. பிறகு ஒரு கிழக்கு, இன்னொரு கிழக்கு. அத்துடன் எடுப்பதற்குக் காய் தீர்ந்துவிட்டது. யாருக்கும் ஜெயமில்லை. மாமியார் தன் கையைத் திறந்து காட்டினார். மருமகள் தன்னுடையதைக் கவிழ்த்து வைத்தாள். எல்லோரும் காய்களைக் கலைக்கக் கையை நீட்டினார்கள்.

"இருங்க" என்றார் மாமியார்.

அவர் பார்வை மருமகளின் வரிசையில் நின்றுவிட்டது. வெள்ளையில் மூன்று ஒரே கையில் சேர்வது லேசில் நடக்காது. சேர்ந்துவிட்டால் அதுவே சொத்து. அதை யாராவது பிய்த்து ஒவ்வொன்றாக எறிவார்களா? அதோடு, அந்த வரிசையில் மூங்கில் காய்கள் கிடந்தன, எழுத்துக் காய்கள் கிடந்தன, வட்டக் காய் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் கவிழ்ந்து கிடக்கிற கை நிறைய வட்டம். வட்டமும் வெள்ளையும் கிழக்குமாக, அந்த மதியத்தின் மிகப் பெரிய கை. அதை இந்தச் சோப்ளாங்கி ரீச்சிக்காகக் கொன்றுவிட்டாள்.

பிள்ளையுண்டான பெண் பயப்படுகிறாள் என்று நினைத்த மாமியாருக்கு மனசு இளகிவிட்டது. அவளாகச் சொல்லட்டும் என்று இன்னும் எத்தனை நாள்தான் காப்பது? தானே போட்ட சட்டத்தைத் தானே மீறுவதென்று முடிவு செய்தார்.

"உனக்கு எத்தனை மாசம்மா?"

மகனுக்குத் தேநீர் புரையேறியது. மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு... அதெல்லாம் ஒண்ணும் இல்லையே அத்தை."

"பூப்பந்து மட்டையைக் குடுத்துட்டே."

"ஆமா."

"டைட்டான துணியெல்லாம் மூட்டை கட்டிட்டே. அலமாரி வேண்டாங்கறே. காபி குடிக்கிறதில்ல."

"கவலையில வயிறு ஒத்துக்கல அத்தை. அதான் காபி குடிக்கல." மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையிலிருந்த கோப்பையை மிகுந்த அக்கறையோடு துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன கவலை?" என்றார் மாமியார். இரண்டாவது கேள்வி. ஆரம்பித்துவிட்டால் நிற்காது போலிருக்கிறது.

மருமகள் மென்று விழுங்கி, ஒருவழியாகச் சொன்னாள். அவளுடைய நிறுவனம் வேறொரு ஊரில் கிளை திறக்கிறது. அதை முழுக்க முழுக்க அவளே நடத்த வேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது. அவள் கனவிலும் எதிர்பார்க்காத பதவி. போகிற மாதிரி இருந்தால் சாமான் அதிகம் வேண்டாமே என்றுதான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தாள். மகன் பல் கட்டுகிற கூடத்தில் வேலை பார்க்கிறவன். எல்லா ஊரிலும் பல் விழத்தானே செய்கிறது, நானும் வருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தோம் அத்தை. அதுக்குள்ள நீங்க சாமான் அறையைக் காலி பண்ணிப் புது லைட்டெல்லாம் போட்டீங்க. பல் கட்டற வேலையை வீட்டுலயே செய்யணும்னு இவர் ரொம்ப நாளா ஆசைப்பட்டாரே, அதுக்காகத்தான் ரெடி பண்றீங்கன்னு புரிஞ்சுது. இவ்வளவு ஆசையா பண்றப்ப, போறோம்னு எப்படிச் சொல்றது? அதனால வேண்டாம்னே எழுதிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். நாளைக்குப் பதில் அனுப்பணும்."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "அப்ப தொட்டில்?"

"எந்தத் தொட்டில்?" என்றான் மகன்.

மாமனார் எழுந்து போய்ப் போர்வையை நீக்கிக் காட்டினார். லிஃப்ட் வேலைக்காரர் செய்த தொட்டில் அல்லவா, எந்தக் கம்பி அறுந்தாலும் விழாதபடி நான்கு பக்கமும் பூட்டு வைத்திருந்தார். மகன் சிரிக்கத் தொடங்கினான். மருமகள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமனாரும் சேர்ந்துகொண்டார். எறிந்த காயைப் படிக்கிற பெரிய கெட்டிக்காரக் குடும்பம், மூன்று வாரமாக ஆளுக்கொரு மனக்கோட்டை கட்டியிருந்திருக்கிறது.

மாமியாரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். குழந்தை இல்லை என்றபோது சப்பென்று ஆனது உண்மை. ஊரை விட்டுப் போகிறார்கள் என்றபோது தூக்கிவாரிப் போட்டதும் உண்மை. ஆனால் வேண்டாம் என்று எழுதப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, அப்பாடா என்றிருந்தது. மேஜையின் நான்கு பக்கமும் தப்பித்தது. ஒரு வார்த்தையும் பேசாமல், அடுத்த கைக்குக் காய்களைக் கலைத்தால் போதும். நாளைக்கு அவளே எழுதிவிடுவாள். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

கலைக்கக் கையை நீட்டினார். மூன்று வெள்ளைகளும் அங்கேயே கிடந்தன.

பிள்ளைத்தாய்ச்சியின் பயமில்லை என்றால் பிறகு எதற்காக இவற்றை எறிந்தாள் என்று யோசித்தபோது மாமியாருக்குச் சுருக்கென்றது. எதிரில் ரீச்சி இருந்தால்தானே ஒருத்தி இப்படிக் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடுவாள்? ஆமாம் அத்தை, உறுத்துது. கெட்டித் துணி அத்தை. ஒத்துப்போகிற பெண் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோமே, அவள் ஒத்துப்போகவில்லை. நான் எறிந்த காயாகப் பார்த்துப் பொறுக்கி அதையே திருப்பி எறிந்திருக்கிறாள். சமையலறையில், சாப்பாட்டு மேஜையில், வாசலில், எங்கே பார்த்தாலும் நான் குச்சியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தனைக்கும் என் கையில் என்ன இருக்கிறது? சோப்ளாங்கி. மாமியாருக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"இன்னொரு கை ஆடலாம்" என்றார்.

காய்களைக் கலைத்தார்கள், அடுக்கினார்கள், பிரித்தார்கள். இந்தக் கையில் மாமியார்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறவர். அவர் ஜெயித்தால் புள்ளி ஒன்றரை மடங்கு. அன்றைக்குப் பார்த்து அவருக்குக் காய் வந்து குவிந்தது. சில சுற்றுகளிலேயே ரீச்சி சொன்னார். இந்தத் தடவை மிரட்டல் இல்லை. கையில் இருந்தது சிங்கம்.

மருமகள் அவர் வரிசையைப் பார்த்தாள். அவள் விரல்கள் தன் காய்களின் ஓரத்தில் கிடந்த வடக்குக் காயைத் தொட்டன. மாமியார் ஏற்கெனவே எறிந்திருந்த வடக்கு. பத்திரமான காய்.

"நாளைக்கு என்ன எழுதப்போறே?" என்று கேட்டார் மாமியார்.

"அதான் சொன்னேனே அத்தை. வேண்டாம்னு."

"நான் என்ன சொல்றேன்னு நீ கேக்கவே இல்லையே."

"நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சரிதான் அத்தை."

"அந்த வடக்கை விடு."

மருமகள் திடுக்கிட்டு விரலை எடுத்தாள்.

"அம்மா, அவ கையை நீ எப்படி..." என்று மகன் ஆரம்பித்தான்.

"சும்மாயிரு. இவ எப்பவும் பத்திரமான காயை வலது ஓரத்துலதான் வெப்பா." மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. வந்த நாள்லருந்து நான் எறிஞ்ச காயையே எனக்கு எறியறே. உங்கிட்ட என்ன இருக்குன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. திரைச்சீலை உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா, அதுகூடத் தெரியல."

"எனக்குப் பிடிக்கும் அத்தை" என்றாள் மருமகள் மிக மெல்லிய குரலில். "பச்சைக் கலர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"பாத்தியா. எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. நல்லதாப் போச்சு. இப்ப ஆடு."

மருமகள் தன் காய்களைப் பார்த்தாள். நல்ல கை போலிருக்கிறது. முகத்தில் அது தெரிந்தது. இத்தனை நாளில் அவள் முகத்தில் ஒரு கை தெரிந்தது அதுவே முதல் தடவை. அவள் மாமியாரின் வரிசையை ஒருமுறை படித்தாள், மேஜையைச் சுற்றிக் கிடந்த எல்லா வரிசைகளையும் படித்தாள். பிறகு நடுவிலிருந்து ஒரு காயை உருவினாள். ஆறு மூங்கில். ரீச்சிக்கு எதிராக எறியக் கூடாத காய்களைச் சொல்லச் சொன்னால் யாரும் முதலில் சொல்கிற மாதிரியான காய்.

"இது உங்க காயா இருக்கலாம்னு எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். "ஆனா இதை எறிஞ்சாத்தான் என் கை நிறையும். எனக்குப் போகணும் அத்தை. அந்தக் கிளையை நான் நடத்தணும். ரொம்ப ஆசையா இருக்கு."

காயை வைத்தாள்.

மாமனார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மகன் அம்மாவையே பார்த்தான். விட்டுக்கொடுத்துவிடு என்று அவன் கண் கெஞ்சியது. மாமியார் நினைத்தால் முடியும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விடும். மாமியாருக்கும் ஒரு நிமிடம் அந்த எண்ணம் வந்தது. ஆனால் அவள் முதல்முறையாகத் தைரியமாக எறிந்திருக்கிறாள். அதைக் கண்டும் காணாததுமாக விட்டால் அவளைக் குழந்தையாக்குகிற மாதிரி.

"ரோன்" என்றார் மாமியார்.

கையைத் திறந்து விரித்தார். பன்னிரண்டாயிரம். மருமகளின் புள்ளிக் குச்சிகளில் பெரும்பகுதி ஒரே அடியில் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"அம்மா" என்றான் மகன், தாங்க முடியாமல்.

"நீ பேசாதே." மாமியார் மருமகளைப் பார்த்தார். "தோத்துட்டியா?"

"தோத்துட்டேன் அத்தை."

"வீடு இடிஞ்சு விழுந்துச்சா?"

மருமகள் நிஜமாகவே ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாமனார் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். "இல்ல அத்தை."

"நான் கடிச்சுக் குதறிட்டேனா?"

"இல்ல."

"அப்ப போயிட்டு வா. நாளைக்குச் சரின்னு எழுது. போன எடத்துல எவனாவது உன்னை மிரட்டினா, நல்ல கையா இருந்தா பிய்க்காதே."

மருமகள் அழுதாள். அது சிரித்துக்கொண்டே அழுகிற வகை, அதனால் யாரும் பதறவில்லை. மகன் எழுந்து எல்லோருக்கும் மறுபடி தேநீர் போடப் போனான். அவன் நடையிலேயே பாரம் இறங்கியது தெரிந்தது. மாமனார் தொட்டிலை என்ன செய்வது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, காய்கறி போட்டுவைக்கலாம் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மாமியார் ஜெயித்த குச்சிகளை ஒழுங்காக அடுக்கினார். அவரது மாஜாங் வாழ்க்கையில் மறக்க முடியாத ரோன் அது. இத்தனை நாள் ஏங்கிய ரோன், அந்தப் பெண்ணிடமிருந்தே கிடைத்துவிட்டது. அதற்கு விலையாக மேஜையில் இரண்டு பக்கம் காலியாகப்போகிறது. குச்சிகளை அடுக்கி முடித்தபின் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினார்.

"அத்தை" என்றாள் மருமகள். "நாங்க போயிட்டா ஞாயித்துக்கிழமை நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவளும் நேராகவே கேட்டுவிட்டாள். மாமியாரின் நாக்கு நுனியில் பத்திரமான பதில் ஒன்று தயாராக இருந்தது. எனக்கென்னம்மா, தலைக்கு மேல வேலை கிடக்கு. அதை எறிந்திருந்தால் எந்த வம்பும் வந்திருக்காது. அவர் அதை விழுங்கிவிட்டார்.

"அழுவேன்" என்றார். "கொஞ்ச நேரம் நல்லா அழுவேன். அப்புறம் உங்க ஊருக்கு எந்த பஸ் போகுதுன்னு விசாரிப்பேன்."

"காலையில ஏழரைக்கு ஒண்ணு இருக்கு அத்தை" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கயும் மாற வேண்டாம், நேரா வரும். மதியம் ஆட்டத்துக்கு வந்துடலாம். ஆபீஸ்ல என்னைக் கேட்ட அன்னிக்கே பாத்து வெச்சுட்டேன்."